மைக்கு முன் பென்சில் வேண்டாம்

ஓவியம் கற்றுக்கொள்ள வருபவருக்கு நம் ஊரில் முதலில் கிடைக்கும் அறிவுரை, பென்சிலில் கை தேறிய பிறகு மையைத் தொட்டால் போதும் என்பது. வகுப்பு நடத்துபவர்கள் இதைச் சொல்கிறார்கள். பயிற்சிப் புத்தகங்கள் சொல்கின்றன. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் 'ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்' என்று ஒரு பாடத்துக்குப் பெயர் வைத்திருப்பதிலேயே அந்த எண்ணம் தெரிகிறது. முதலில் வெளிக்கோடு, அது சரியாக வந்தால் பென்சில் நிழல், அப்புறம் வண்ணம். கறுப்பு மை எல்லாம் தெரிந்தவர் கடைசியாக எடுக்கும் கருவியாக ஒதுங்கி நிற்கிறது. ஏன் என்று கேட்டால் வரும் பதில், மையை அழிக்க முடியாது என்பதுதான். இந்த வரிசை தவறு என்று நான் நினைக்கிறேன். மை ஓவியத்தில் கற்க வேண்டிய முதல் பாடம் எது வெளிச்சம், எது இருட்டு என்று துணிந்து முடிவெடுப்பது. அந்த முடிவைத் தள்ளிப்போடுவதற்கு மனிதன் கண்டுபிடித்த கருவிகளிலேயே மிக வசதியானது பென்சிலும் ரப்பரும். தள்ளிப்போடுவதில் ஒருவரைப் பல ஆண்டுகள் பழக்கிவிட்டு, பிறகு அவர் கையில் பேனாவைக் கொடுத்து முடிவெடு என்றால் அவர் தடுமாறத்தான் செய்வார். அந்தத் தடுமாற்றத்தைக் காட்டி, மை கடினமான ஊடகம் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

ஒரு பித்தளைச் சொம்பை வைத்துப் பார்ப்போம். சுண்ணாம்பு அடித்த சுவரை ஒட்டி, ஒரு சன்னலிலிருந்து மட்டும் வெயில் விழும்படி அது திண்ணைமேல் இருக்கிறது. பென்சில் வழியில் வந்தவர் முதலில் வாய், கழுத்து, வயிறு, அடி என்று சுற்றிவரக் கோடு போடுவார். வெயில் படும் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் கோட்டின் அழுத்தம் ஒன்றாகவே இருக்கும். பிறகு உள்ளே நிழல் தீட்டி விரலால் தேய்ப்பார். கடைசியில் கிடைப்பது ஒரே சாம்பலாக ஒரு சொம்பு, அதைச் சுற்றி ஒரு கம்பி. சற்றுக் கண்ணைச் சுருக்கி உண்மையான சொம்பைப் பார்த்தால் அங்கே கம்பி கிடையாது. வெயில் படும் பக்கத்தில் சொம்பின் விளிம்பு சுவரின் வெள்ளையோடு கரைந்துபோயிருக்கும். நிழல் பக்கத்தில் சொம்பின் இருட்டும், அது திண்ணைமேல் விழுத்தும் நிழலும் இடையில் எல்லை இல்லாமல் ஒரே கறுப்புத் திட்டாகச் சேர்ந்திருக்கும். அந்தத் திட்டுக்குள், திண்ணையிலிருந்து எதிரொளித்த வெளிச்சம் ஒரு மெல்லிய பட்டையாக ஓடும். கழுத்துக்குக் கீழே தோள்பட்டையில் ஒரு கீற்று மட்டும் கண்ணைக் கூசும். இப்போது ஒரு பிரஷை மையில் தோய்த்து, அந்தக் கறுப்புத் திட்டை மட்டும் ஒரே வடிவமாக இட்டால் போதும். விளிம்பில் பாதியை வரையவே இல்லை, ஆனாலும் அது சொம்பு என்று யாரும் சொல்லுவார்கள். கோடுகளால் நிழல் காட்டும் ஹேட்ச்சிங்குக்கு அங்கே வேலை இரண்டே இடங்களில்தான்: வெளிச்சம் இருட்டாகத் திரும்பும் குறுகிய வளைவில் ஒன்று, எதிரொளி ஓடும் பட்டையில் ஒன்று. பென்சில்காரர் ஒரு மணி நேரம் தேய்த்தும் காணாத மூன்று உண்மைகள், கரைந்த விளிம்பு, இணைந்த நிழல், எதிரொளி, மை பிடித்தவருக்கு முதல் சில நிமிடங்களிலேயே கட்டாயமாகக் கண்ணில் படுகின்றன. அவர் திறமைசாலி என்பதால் அப்படி நடக்கவில்லை. நீர் கலக்காத மையில் சாம்பல் நிறம் இல்லை. இருப்பது இரண்டு நிறம். எந்த இடத்தில் எது என்று கேட்காமல் அவரால் தாளைத் தொடவே முடியாது.

பென்சில் முதல் என்ற வரிசை ஓவியக் கலையைப் போலவே பழையது என்று பலர் நம்புகிறார்கள். அது அவ்வளவு பழையது இல்லை. களிமண்ணும் கிராஃபைட்டும் கலந்து சுட்டு, விரும்பிய கடினத்தில் பென்சில் செய்யும் முறைக்கு ஃபிரான்ஸில் கோன்ட்டே காப்புரிமை பெற்றது 1795இல். லண்டனில் எட்வர்ட் நைர்ன் ரப்பர் துண்டுகளை அழிப்பானாக விற்றது 1770 வாக்கில். அதற்கு முன்பு ரொட்டித் துணுக்கால் தேய்த்துப் பார்த்தார்கள். ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1484இல் தம் பதின்மூன்றாம் வயதில் கண்ணாடியைப் பார்த்து வரைந்துகொண்ட முகம் வெள்ளி முனையால் வரைந்தது. பூச்சு தடவிய தாளில் வெள்ளி முனை இட்ட கோட்டையும் சுலபத்தில் அழிக்க முடியாது. மைக்கலாஞ்சலோ இளம் வயதில் ஜோட்டோவின் சுவரோவியத்தைப் பார்த்துப் படியெடுத்த தாள் இன்று பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேனாவும் மையும், குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளும் கொண்டே அங்கியின் மடிப்புகள் எழுந்து நிற்கின்றன. அவர் பயின்ற கிர்லாண்டாயோவின் பட்டறையில் மாணவர்கள் பேனா ஹேட்ச்சிங்கில்தான் கையைப் பழக்கினார்கள். கிழக்கே போனால் கதை இன்னும் தெளிவு. சீனத்திலும் ஜப்பானிலும் மரபுவழி ஓவியம் கற்ற குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே மையும் தூரிகையும்தான். பென்சிலில் தேறிவிட்டு வா என்று அங்கே எந்த ஆசிரியரும் மாணவனைத் திருப்பி அனுப்பியிருக்க முடியாது. அழிக்க முடியாத கருவியோடு தொடங்குவது உலகத்தின் பெரும்பகுதியில், பெரும்பாலான காலம், வழக்கமான தொடக்கமாகவே இருந்திருக்கிறது.

அப்படியானால் நாம் கட்டிக் காக்கும் வரிசை எங்கிருந்து வந்தது? 1850களில் லண்டன் சவுத் கென்சிங்டனில் ரிச்சர்ட் ரெட்கிரேவ் வகுத்த பாடத்திட்டத்தில் 23 படிகள் இருந்தன. கருவி கொண்டு கோடு, கையால் வெளிக்கோடு, தட்டைப் படத்தைப் பார்த்து நிழல், உருவத்தைப் பார்த்து நிழல் என்று மாணவர் ஒவ்வொன்றாக ஏற வேண்டும். ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் வடிவம் வரைந்து தரும் ஆட்களை நாடு முழுக்க ஒரே அளவுகோலில் தயார் செய்வதே அதன் நோக்கம். வெளிக்கோட்டை மதிப்பிடுவது எளிது. அளவுகோலை வைத்துச் சரிபார்த்து மதிப்பெண் போட்டுவிடலாம். இருட்டும் வெளிச்சமும் சேர்ந்து அமைந்த விதத்தை அப்படி அளக்க முடியாது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியக் கலைப்பள்ளிகளுக்கும் அதன் சாயல் வந்து சேர்ந்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியும் இந்தியத் தொழிலுக்குக் கைவினைஞர்களை உருவாக்கும் எண்ணத்தில் எழுந்ததே. ஒரு நிர்வாக வசதிக்காகப் பிறந்த வரிசை, காலம் போகப்போக, கண்ணின் இயற்கையே அதுதான் என்பதுபோல ஆகிவிட்டது. அந்தக் காலத்திலேயே அதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். ஜான் ரஸ்கின் 1857இல் தொடக்கநிலை மாணவர்களுக்காக எழுதிய ஓவியப் பாடநூலின் முதல் பயிற்சியில் பென்சில் கிடையாது, வெளிக்கோடும் கிடையாது. எஃகு நிப்பையும் மையையும் எடுத்து, ஒரு சிறு சதுரத்தைக் குறுக்குக் கோடுகளால் சீராக, ஒரே சாயலில் நிரப்பச் சொல்கிறார். இதுவரை ஒரு கோடு கூடப் போடாதவருக்கு அவர் தரும் முதல் வேலை அது. அமெரிக்காவில் ஆர்தர் வெஸ்லி டவ், 1899இல் வெளியிட்ட தம் பாடநூலில், ஜப்பானிய ஓவியங்களிலிருந்து எடுத்த கறுப்பு-வெள்ளைத் திட்டமிடலைத் தொடக்கப் பயிற்சிகளுக்குள் கொண்டுவந்தார். அவரிடம் படித்தவர்களில் ஜார்ஜியா ஓ'கீஃப்பும் ஒருவர். மையில் தொடங்கினால் மாணவர் கெட்டுப்போவார் என்பவர்கள் இந்த வரலாற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பென்சிலில் கை தேறினால் பேனாவுக்கும் அது உதவும் என்று சொல்வதுண்டு. கருவி வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் அது அவ்வளவு உண்மை இல்லை. பென்சிலை எந்தப் பக்கம் தள்ளினாலும் கோடு விழும். முன்னும் பின்னும் உரசலாம், சாய்த்துப் பிடித்துப் பரப்பலாம், அழுத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டலாம். தொட்டெழுதும் பேனாவின் நிப் அப்படிப்பட்டதில்லை. நடுவில் பிளந்த இரண்டு நாக்குகள் அதற்கு உண்டு. தன்னை நோக்கி இழுக்கும்போது அவை விரிந்து கோடு தடிக்கும், அழுத்தம் குறைந்தால் சேர்ந்து கோடு மெலியும். எதிர்த் திசையில் தள்ளினால் நுனி தாளின் நாரில் குத்தி மையைத் தெறிக்கவிடும். ஆகவே பேனாக்காரர் கையை முறுக்காமல் தாளைத் திருப்பக் கற்க வேண்டும். மணிக்கட்டால் கீறாமல் தோளிலிருந்து இழுக்க வேண்டும். கோட்டை எங்கே தொடங்குவது, எங்கே கையைத் தூக்குவது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பென்சிலில் பழகியவரின் கைவழக்கம் இதற்கு நேர் எதிர். சரியான கோட்டைத் தேடித் தேடிச் சின்னச் சின்னதாகப் பத்துக் கோடு போட்டு, அவற்றின் நடுவில் ஒன்றைக் கண்டுபிடிப்பது அவர் முறை. அதே பழக்கத்தோடு மைக்கு வந்தால் விளிம்பெல்லாம் மயிர் முளைத்ததுபோல் இருக்கும். பிறகு அந்தப் பழக்கத்தை மறக்கவே இன்னொரு காலம் வேண்டும்.

ஹேட்ச்சிங் பற்றி நிலவும் நம்பிக்கைக்கு வருகிறேன், ஏனென்றால் பென்சில் வழி உண்டாக்கும் பெரிய சேதம் இங்கேதான். பென்சிலில் மேலும் மேலும் தேய்த்தால் மேலும் மேலும் இருட்டும். அதுபோலவே கோடுகளை அடுக்கடுக்காகக் குறுக்கே போட்டுக்கொண்டே போனால் எந்த இருட்டையும் எட்டிவிடலாம், வேண்டியது பொறுமை மட்டும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு 1.5 மில்லிமீட்டர் தள்ளி. முதல் அடுக்கு போட்டு முடித்ததும் அந்த இடத்தில் 20 சதவீதம் கறுப்பு, மீதி தாளின் வெள்ளை. இரண்டாம் அடுக்கைக் குறுக்கே போடும்போது அதன் கோடுகளில் ஒரு பகுதி ஏற்கெனவே கறுப்பாக இருக்கும் இடத்தின் மேலேயே விழும். புதிதாக மூடப்படுவது மீதமிருந்த 80இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 16. மொத்தம் 36. மூன்றாம் அடுக்கில் 13 சேர்ந்து 49. நான்காம் அடுக்கில் 10 சேர்ந்து 59. ஐந்தாவது அடுக்கை முடித்தாலும் 67தான். ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிடக் குறைவாகவே இருட்டைக் கூட்டுகிறது. உழைப்போ ஒவ்வொரு முறையும் அதேதான். ஐந்து முறை ஒரே இடத்தை நிப்பால் கீறியதில் தாளின் மேல்தோல் எழும்பி, மை ஊறிப் பரவத் தொடங்கியிருக்கும். அப்போதும் அந்த இடம் கறுப்பாக இல்லை, மங்கலாக இருக்கிறது. அதே நேரத்தில் வெளிச்சப் பகுதியிலும் 'கொஞ்சம் நிழல்' என்று அவர் இரண்டு அடுக்கு போட்டிருப்பார், அங்கே 36. படத்தின் மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருட்டான இடத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய தூரத்தில் பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது. நாள் கணக்கில் உழைத்த ஹேட்ச்சிங் ஓவியங்கள் பல, நாலடி தள்ளி நின்று பார்த்தால் பழைய சிமெண்ட் சுவர் போலத் தெரிவதன் காரணம் இந்தக் கணக்குத்தான். இருட்டை எட்ட ஒரே வழி, அதை இருட்டு என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு பிரஷால் நிரப்புவது. அதை நிரப்பி, எதிரே வெள்ளையை வெள்ளையாகவே விட்ட பிறகு, இடைநிலைக்கு ஓரடுக்கோ ஈரடுக்கோ போதும். அந்தக் குறைந்த கோடுகள்தான் அப்போது ஒளிரும்.

உழைப்பைக் கொண்டு ஓவியத்தை அளக்கும் வழக்கமும் இதோடு சேர்ந்தே வளர்ந்திருக்கிறது. எத்தனை மணி நேரம், எத்தனை ஆயிரம் கோடு, எத்தனை லட்சம் புள்ளி என்று படத்துக்குக் கீழே எழுதுகிறார்கள், பார்ப்பவர்களும் அதைத்தான் வியக்கிறார்கள். கற்பவருக்கு இதைவிடத் தீங்கான பாராட்டு இருக்க முடியாது. கோடு எந்தத் திசையில் போகிறது, வளைவோடு வளைகிறதா, தூரத்தில் இருப்பதற்கும் பக்கத்தில் இருப்பதற்கும் அதன் தடிமன் மாறுகிறதா என்ற கேள்விகள் அந்தப் பாராட்டில் எழுவதே இல்லை. கோடுகளின் பெருக்கத்துக்குப் பெயர்போன அமெரிக்க ஓவியர் ஃபிராங்க்ளின் பூத், சிறுவயதில் பத்திரிகைகளில் வந்த மரச்செதுக்குப் படங்களைப் பேனாவால் வரைந்தவை என்று நினைத்துப் பார்த்துப் பார்த்துப் பழகினார். அவர் மேகத்தில் ஓடும் கோடும் மரத்தில் ஓடும் கோடும் அந்தப் பொருளின் திசையில் ஓடுகின்றன, குறுக்கே போடுவது அபூர்வம். எதிர்முனையில் ஆங்கில ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லி. 1894இல் வெளிவந்த 'சலோமி' நாடக நூலின் படங்களில் ஹேட்ச்சிங் கிட்டத்தட்ட இல்லை. பெரிய கறுப்புப் பரப்பு, பெரிய வெள்ளைப் பரப்பு, நடுவில் நூலிழைபோல ஒரு கோடு. முறைப்படி அவர் படித்த கலைப்பள்ளிப் பாடம் மாலை வகுப்புகளில் சில மாதங்கள்தான். இந்த இருவரின் கோடுகளை எண்ணினால் ஒப்பிடவே முடியாது. இருவர் படத்தையும் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாலும், கறுப்பு எங்கே வெள்ளை எங்கே என்ற ஏற்பாடு அசையாமல் நிற்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். பூத்தும் பென்சிலில் திட்டம் போட்டுவிட்டுத்தானே மையிட்டார், பியர்ட்ஸ்லியும் தாளில் பென்சிலால் கிறுக்கி வைத்து அதன் மேல்தானே வரைந்தார் என்பார்கள். உண்மைதான். மை ஓவியத்துக்கு அடியில் பென்சிலே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. முகத்தில் கண் எங்கே, கோபுரத்தில் எத்தனை நிலை, தாளின் எந்த மூலையில் மரம் என்று இடம் குறிப்பதற்குப் பென்சில் நல்ல கருவி. என் எதிர்ப்பு பென்சிலைத் தாண்டாமல் மை இல்லை என்ற விதியின் மேல். பியர்ட்ஸ்லியின் பென்சில் கிறுக்கலில் சாம்பல் நிழல் கிடையாது. அது மையின் முடிவுகளுக்கு இடம் தேடும் கிறுக்கல். நம் மாணவருக்கு நாம் கற்பிப்பதோ, பென்சிலிலேயே நிழலோடு முழுப் படத்தையும் முடித்துவிட்டு, பிறகு அதன் மேல் மையால் நகல் எடுக்கும் வேலை. அதில் மைக்கு முடிவெடுக்க எதுவும் மிச்சமில்லை. பென்சிலின் 20 வகைச் சாம்பலை மையின் இரண்டு நிறத்தில் மொழிபெயர்க்கத் தவித்து, எல்லா இடத்திலும் கோடு போட்டு நிரப்புவதைத் தவிர அவருக்கு வழி தெரியாது. மையில் சில மாதம் பழகியவர் பென்சிலை எடுத்தால், எதைக் குறிக்க வேண்டும், எதை மைக்கு விட்டுவைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வரிசையை மாற்றச் சொல்வது அதனால்தான்.

அளவும் விகிதமும் தெரியாதவர் மையில் இறங்கினால் மூக்கு ஒரு பக்கம், காது ஒரு பக்கம் போகாதா? போகும். பென்சிலிலும் போகத்தான் போகிறது. வேறுபாடு, மையில் போன தவறு தாளில் தங்கிவிடும். தங்கட்டும் என்கிறேன். ரெம்பிராண்ட்டின் பேனாச் சித்திரங்களில் ஒரு கை இருந்த இடத்திலேயே இன்னொரு கை, ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் அழுத்தமாக இன்னொரு கோடு என்று திருத்தங்கள் அப்படியே கிடக்கின்றன. திருத்தம் அங்கே மறைப்பதற்கான காரியம் இல்லை, முதல் கோட்டைவிட உறுதியாக இரண்டாவதைச் சொல்வது. கற்பவரின் தாளிலும் இது நடக்க வேண்டும். ரப்பரால் துடைத்துத் துடைத்துக் கடைசியில் சரியாக வந்த படத்தைப் பார்க்கும் ஆசிரியருக்கு, மாணவர் எங்கே தடுமாறினார் என்று தெரியவே தெரியாது. மாணவருக்கும் மறந்துபோகும். மையில் வரைந்த பத்துத் தாள்களை வரிசையாகப் பரப்பினால், கழுத்தை எப்போதும் நீளமாகப் போடுகிறார், நிழலை எப்போதும் விளிம்பிலேயே நிறுத்திவிடுகிறார் என்று உடனே தெரியும். சோர்ந்து ஓடிவிடுவார்கள் என்ற பயம்தான் இதில் ஆசிரியர்களைத் தடுக்கிறது. நல்ல கார்ட்ரிட்ஜ் தாளைக் கொடுத்து, ஒரே படத்தை ஒரு வாரம் வரையச் சொன்னால் ஓடத்தான் செய்வார்கள். ஒரு பக்கம் அச்சான பழைய தாள்களின் பின்புறத்தில், உள்ளங்கை அளவுச் சதுரங்களில், ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொன்னால் யாரும் ஓடமாட்டார்கள். கெட்டுப்போவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. தவிரவும், மையைத் திருத்தவே முடியாது என்பதும் மிகை. ரஸ்கினே தம் முதல் பயிற்சியில் அதிகம் இருண்ட இடத்தைப் பேனாக்கத்தியால் சுரண்டச் சொல்கிறார். பத்திரிகை ஓவியர்களின் மேசையில் போஸ்டர் ஒயிட் எப்போதும் இருந்தது. மை மன்னிக்காது என்பதைவிட, கேட்காமல் மன்னிக்காது என்பது பொருத்தம்.

இன்னொரு சாரார், கறுப்பு-வெள்ளை என்பது பழைய அச்சகங்களின் இல்லாமையில் பிறந்தது, இன்று அதைக் கற்றுக்கொள்வது வெறும் பழம்பெருமை என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. அன்றைய அச்சின் லைன் பிளாக்கில் சாம்பல் வராது. ஒன்று மை ஒட்டும், இல்லை ஒட்டாது. சாயல் வேண்டுமென்றால் ஹாஃப்டோன் பிளாக் செய்ய வேண்டும், அது செலவு, மட்டமான தாளில் அசிங்கமாகவும் விழும். ஆகவே பத்திரிகைக்கு வரைந்தவர்கள் தடித்த கறுப்பும் தெளிந்த இடைவெளியும் பழகினார்கள். மிக நெருங்கிய கோடுகள் அச்சில் அடைத்துக்கொள்ளும், மிக மெல்லியவை அறுந்துபோகும் என்பதை அச்சே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. ஆனந்த விகடனில் தேவனின் எழுத்தோடு வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகச் சென்று சில்பி வரைந்தார். கல்லின் திண்மையும், மண்டபத்தின் உள்ளிருட்டும், முன்னால் வெயில் விழுந்த சிற்பத்தின் தோளும் அந்தப் படங்களில் கோடுகளாலேயே பிரிந்து நிற்கின்றன. கோபுலு ஒரு கூட்டத்தையே சில கோடுகளில் நிற்க வைத்தார். இவர்களைக் கட்டிப்போட்டதாகச் சொல்லப்படும் அச்சு, இவர்களுக்கு ஆசிரியராகவும் இருந்தது. வங்கப் பஞ்சத்தின்போது, 1943இல், மிதுனாப்பூர் கிராமங்களில் நடந்து சித்தப்ரசாத் மையால் வரைந்த படங்கள் 'பசித்த வங்கம்' என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்போடு நூலாக வந்தன. ஆங்கில அரசு பிரதிகளைப் பறித்து எரித்தது. அதே ஆண்டு ஜைனுல் ஆபெதீன் மலிவான பொட்டலத் தாளில் பிரஷாலும் கறுப்பு மையாலும் கல்கத்தாத் தெருவில் கிடந்தவர்களை வரைந்தார். அந்தத் தாளில் வேறு எந்தச் சாயலும் பிடித்திருக்காது. அந்த உடல்களுக்கு வேறு சாயல் தேவையாகவும் இருக்கவில்லை.

அச்சின் கட்டாயம் இல்லாதபோதும் இதைத் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் அந்த வாதத்துக்கு முழுப் பதில். கே.எம். ஆதிமூலம் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். வண்ணம் தெரியாதவர் இல்லை, பின்னாளில் எண்ணெய் வண்ணத்தில் பெரிய பெரிய நிலவெளிகளைத் தீட்டியவர். காந்தி நூற்றாண்டான 1969இல் அவர் வரைந்த காந்தி வரிசைக்குக் கறுப்பு-வெள்ளையைத்தான் எடுத்துக்கொண்டார். அந்தப் படங்களை நெருங்கிப் பார்த்தால், கோடுகள் முகத்தை மூடுவதில்லை. நெற்றியில் வெள்ளை அப்படியே கிடக்கிறது. மூக்கின் நிழலும் மீசையும் கன்னக் குழியும் சில இடங்களில் ஒரே கறுப்பாகச் சேர்கின்றன. வேகமாக விழுந்த கோடுகள் அந்தக் கறுப்பிலிருந்து தெறித்து வெளியே வருகின்றன. பிற்காலத்தில் கி. ராஜநாராயணனின் எழுத்துக்கு அவர் வரைந்த கரிசல் மனிதர்களும் அப்படியே. மெல்லிய சாயல்தான் நயம், முரணான கறுப்பு-வெள்ளை முரட்டுத்தனம் என்று சொல்பவர்கள் இந்தப் படங்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஒரு படத்தில் முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் இல்லாவிட்டால், நடுவில் இருக்கும் சாயல்கள் எதனோடு ஒப்பிட்டு மெல்லியவை ஆகும்? நம் ஊர் நண்பகல் வெயிலில் ஒரு வேப்பமரத்தடியைப் பார்க்கிறவருக்கு முரண் என்பது புதிதாகக் கற்பிக்க வேண்டிய ஒன்றே இல்லை. அது கண்முன் கிடக்கிறது. பென்சில்தான் அதை மங்கலாக்கிக் காட்டப் பழக்குகிறது.

கணினியிலும் கைப்பலகையிலும் வரையும் தலைமுறைக்கு இதெல்லாம் எதற்கு என்பதும் கேட்கப்படுகிறது. ஒரு விசையை அழுத்தினால் கடைசிக் கோடு மறைந்துவிடுகிறதே. அந்த விசை ரப்பரைவிட ஆயிரம் மடங்கு வசதியானது. ஆகவே தள்ளிப்போடும் பழக்கமும் அங்கே அத்தனை மடங்கு வளரும். திரையில் வரையக் கற்பவருக்கு மைப் பயிற்சி மற்றவர்களைவிட அதிகம் தேவை என்றுதான் நான் சொல்வேன். வரையும் மென்பொருளில் கறுப்பு, வெள்ளை என்று இரண்டு நிறம் மட்டும் வைத்து, திரும்பப்பெறும் விசையை ஒரு மாதம் தொடாமல் இருந்து பார்க்கலாம். மை என்று நான் சொல்லும் கல்வி அங்கேயும் நடக்கும்.

பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் உள்ளவர்கள் செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. முதல் மாதம் பென்சில் வேண்டாம். ஒரு புட்டி இண்டியன் இங்க், ஒரு நடுத்தரப் பிரஷ், பழைய தாள். வீட்டில் இருக்கும் சொம்பு, குடம், கதவு மூலையில் விழும் நிழல், வெயிலில் காயும் துணி. எதற்கும் வெளிக்கோடு போடக்கூடாது, இருட்டை மட்டும் ஒரே வடிவமாக இட வேண்டும். இரண்டாம் மாதம் நிப் வரட்டும். ரஸ்கினின் சதுரத்தை ஓரடுக்கிலும் ஈரடுக்கிலும் நிரப்பிப் பழகிவிட்டு, முதல் மாதத்துப் படங்களில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் இடங்களுக்கு மட்டும் அந்தக் கோடுகளைக் கொண்டுபோகட்டும். எல்லா இடத்தையும் நிரப்பிக்கொண்டு வருபவரிடம் ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி, இதில் எந்தக் கோட்டை எடுத்துவிட்டால் படம் கெடாது என்பது. மூன்றாம் மாதம் அளவுக்கும் விகிதத்துக்கும் பென்சிலைக் கொடுக்கலாம். அப்போது அதைக் கேட்டு வாங்குபவர் மாணவராக இருப்பார், எதற்காக என்றும் அவரே சொல்வார்.